ரிப்போர்ட் எழுதாத அக்கா

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீடு பளிச்சென்று இருக்கும். சோபா உறை மாறியிருக்கும். பிள்ளைக்குத் தலைவாரி, புதுச்சட்டை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தத்தெடுத்த குடும்பத்தைப் பார்க்க சமூகப் பணியாளர் வருகிற நாள் அது. பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள் இப்படி வந்து பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. “எப்படிம்மா போகுது?” என்று கேட்பார் வந்தவர். “ரொம்ப நல்லா இருக்கோம் சார்” என்பார் அம்மா. முந்தின ராத்திரி மூன்று மணி வரை பிள்ளை தூங்காமல் சுவரை உதைத்துக்கொண்டிருந்த கதை அந்தப் பேச்சில் வராது. சொன்னால் எழுதிக்கொள்வார்கள், எழுதினால் பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

அன்று ராத்திரி அதே அம்மா மொட்டைமாடிக்குப் போய் ஒரு போன் போடுகிறார். “அக்கா, என்னால முடியலக்கா.”

அந்த அக்கா அதிகாரி இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் இதேபோல் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து, இதேபோல் சுவர் உதைபடுவதைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவர். தத்தெடுத்த குடும்பங்களுக்கு நம் ஊரில் இன்று கிடைக்கிற உதவிகளில் இவருடையதுதான் முதலிடத்தில் நிற்கிறது. அதற்கு அவருடைய அனுபவம் பாதிக் காரணம். அவர் கையில் அறிக்கைப் படிவம் இல்லாதது மீதிப் பாதி.

இப்படிப்பட்ட அக்காக்கள் (அண்ணன்கள் குறைவு; ஏன் என்பது தனிக் கட்டுரைக்கு ஆகும்) நகரத்துக்கு நகரம் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பலருக்குப் பயிற்சியும் கிடையாது. வாட்ஸ்அப் குழு, மாதம் ஒரு பூங்கா சந்திப்பு, இரவு நேரத்து போன் என்று ஓடுகிறது சேவை.

காத்திருக்கும் காலத்தில் அவர்கள் செய்வது எளிய வேலை. கைக்குழந்தை வேண்டுமென்று பதிந்தவர்களுக்கு மூன்றாண்டுக்கும் மேல் காத்திருப்பது சாதாரணம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது என்பதால், காத்திருப்புப் பட்டியலில் தங்கள் சீனியாரிட்டி எண்ணையும் பிறந்தநாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ரெஃபரல், அதாவது ஒரு பிள்ளையின் விவரம், வந்துவிடும். பிள்ளையை ரிசர்வ் செய்ய 48 மணி நேரம்தான். கையில் மருத்துவப் பரிசோதனை அறிக்கை. அதில் ‘எடைக் குறைவு’, ‘வளர்ச்சித் தாமதம்’ என்று ஏதாவது ஒரு வரி. கணவன் மனைவி இருவரும் கூகுளில் தேடித் தேடி வெளிறிப் போயிருக்கும் நேரத்தில், “இல்லத்துல வளர்ற பிள்ளைங்க கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். பதறாம குழந்தை டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க” என்று சொல்ல ஆள் இருந்தால் போதும்.

நிஜமான வேலை பிள்ளை வந்த பிறகு தொடங்குகிறது. அதிலும் ஐந்து, ஆறு, எட்டு வயதில் வருகிற பிள்ளைகள் என்றால் அக்காவின் போன் ஓயாது.

முதல் சில வாரங்கள் எல்லாம் இனிக்கும். சொன்னதைக் கேட்பாள், தட்டைக் கழுவி வைப்பாள், வருகிறவர் போகிறவர் மடியிலெல்லாம் ஏறி உட்கார்வாள். “என்ன சமத்து! எல்லார்கிட்டயும் ஒட்டிக்கிது பாருங்க” என்று வீடே பூரிக்கும். முன்பே தத்தெடுத்த பழைய பெற்றோர்களுக்கு இந்த இடத்தில்தான் வயிறு கலங்கும். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற பிள்ளை இன்னும் யாரிடமும் ஒட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள், அற்பக் காரணத்துக்குத் தட்டு பறக்கும். கடி, உதை, “நீ என் அம்மா இல்ல.” இவர்களும் நம்மை விட்டுவிடுவார்களா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிற பருவம் அது. புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் கையில் பல் பதிந்த தடத்தோடு நிற்கும் அம்மாவுக்கு, “எனக்கும் இங்க ஒரு தழும்பு இருக்கு” என்று சொல்லும் குரல் வேறு வகையில் போய்ச் சேரும்.

தலையணை உறைக்குள் காய்ந்த பூரி கிடைக்கிறது. வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமா, ஏன் திருடுகிறாள் என்று அப்பா கோபப்படுகிறார். அக்கா சொல்லும் வழி சின்னது: கட்டில் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள், அதில் பிஸ்கட்டோ முறுக்கோ எப்போதும் இருக்கட்டும், குறையக் குறைய நிரப்புங்கள், எத்தனை சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கும் சாப்பாடு உண்டு என்று வயிறு நம்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

இன்னொன்று பாட்டி விவகாரம். புதிதாக வந்த பிள்ளைக்கு யார் அம்மா, யார் அப்பா என்று பிடிபடும்வரை சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அந்த இரண்டு பேர் மட்டுமே செய்வது நல்லது என்பார்கள் அனுபவசாலிகள். நம் வீடுகளில் இதை நடத்திக் காட்டுவது லேசா? பேத்தி வருவாள் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த பாட்டியிடம் “நீங்க ஊட்டாதீங்கம்மா” என்று மருமகள் சொன்னால் அன்றைக்கே குடும்பம் இரண்டாகும். அதனால் அதைப் பேசும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தன் மாமியாருக்கு எப்படி மனசு வலித்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் இதற்கெல்லாம் வீடு தேடி வருவது அபூர்வம்.

வேறு மாநிலத்து இல்லத்திலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழே தெரியாமல் இருக்கலாம். ஃப்ரிட்ஜ் கதவில் தண்ணி, பசி, ஒண்ணுக்கு, வலிக்குது, பயமா இருக்கு என்று பத்துப் பதினைந்து சொற்களைப் பிள்ளையின் மொழியில் எழுதி ஒட்டச் சொல்வதும் இவர்கள்தான்.

2024-25-இல் நாடு முழுக்க 4,515 தத்துகள் நடந்தன. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் இதுவே உச்சம் என்று அரசு மகிழ்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான இன்னொரு அரசுத் தகவல் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஐந்தாண்டுகளில் 1,100-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இல்லங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை விடப்பட்டவர்கள். அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு மொட்டைமாடியிலிருந்து கூப்பிட ஓர் எண் இருந்தது?

உறவினர்களைச் சமாளிப்பது ஒரு தனிக் கலை. “பிள்ளை என்ன ஆளுங்க?” என்ற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தியிலேயே வரும். “யார் ஜாடை?” என்று தெரிந்தே கேட்பவர்கள் உண்டு. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி தர மறுத்து, கடைசி நேரத்தில் ஊருக்குப் போய்விடுவதும் உண்டு. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று மற்றப் பிள்ளைகளைக் கேலி செய்யும் சித்தப்பா, இந்த வீட்டில் அந்தக் கேலியைப் பாதியில் விழுங்குவார். பிள்ளை அதைக் கவனித்துவிடும். இதற்கெல்லாம் உளவியல் பாடத்தில் பதில் இல்லை. பழைய பெற்றோர்களிடம் தயாராக இருக்கிறது, சில பதில்கள் கொஞ்சம் காரமாகவே. ஜாதி கேட்டவரிடம் “எங்க ஆளுங்க” என்று முடித்துவிட்டு அப்பளம் கேட்பது அவற்றில் ஒன்று.

உண்மையை எப்போது சொல்வது? 2002-இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் சொல்வார்கள். படத்துக்கு அது சரி. வீட்டுக்கு ரொம்பத் தாமதம் என்கிறார்கள் இந்த அக்காக்கள். தொட்டிலில் கிடக்கும்போதே, “உன்னைக் கூட்டிட்டு வர நாங்க ரயில்ல வந்தோம் தெரியுமா” என்று தொடங்கிவிட வேண்டும். பிள்ளைக்கு அப்போது ஒன்றும் புரியாது. ஆனால் பெற்றோரின் நாக்குக்குப் பழகும். பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வா, பிறந்தபோது எடுத்த போட்டோ கொண்டு வா என்று டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்கும் நாளில் அம்மாவின் முகம் மாறாமல் இருக்க அந்தப் பழக்கம் உதவும்.

பெற்றோர்களான அக்காக்களுக்கும் எட்டாத ஓர் இடம் உண்டு. தத்துப் பிள்ளையாகவே வளர்ந்தவர்கள்தான் அங்கே வழிகாட்ட முடியும். பதினெட்டு வயதானால் பிறந்த வேரைத் தேட விண்ணப்பிக்கலாம் என்கின்றன விதிகள். பெற்றவரின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும் என்கின்றன. அந்த விண்ணப்பத்தை மேசையில் பார்த்ததும் வளர்த்தவர்களுக்குக் கால் நடுங்கும். தேடல் வளர்த்தவர்களை விட்டுப் போவதற்கல்ல என்று வளர்ந்த ஒரு தத்துப்பிள்ளை வந்து சொன்னால் எடுபடும். நெதர்லாந்தில் அப்படி வளர்ந்தவர்கள் விடாமல் கேள்வி கேட்டதன் பின்னணியில்தான், 1967 முதல் 1998 வரை இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய ஒரு குழு அமைந்தது. 2021 பிப்ரவரியில் குழுவின் அறிக்கை வந்ததும் வெளிநாட்டுத் தத்தையே அந்த நாடு நிறுத்தி வைத்தது.

பிரிட்டனில் தத்தெடுத்த பெற்றோர் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு 1971-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2015 முதல் தத்துக் குடும்பங்களின் சிகிச்சைக்கென்று தனி அரசு நிதியே உண்டு. இங்கே உதவுகிறவரின் போன் பில்லைக்கூட அவரேதான் கட்டுகிறார். அனுபவம் பயிற்சிக்கு ஈடாகாது, தன் வீட்டு மருந்தையே எல்லார் வீட்டுக்கும் தந்துவிடுவார்கள் என்று மனநல நிபுணர்கள் சிலர் எச்சரிப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அக்கா கையில் அறிக்கைப் படிவம் இல்லை. கேமரா இருக்கிறது.

ரீல்ஸ், பாட்காஸ்ட், மேடைப் பேச்சு, மகளிர் தினக் கௌரவிப்பு என்று அனுபவசாலிப் பெற்றோருக்கு இப்போது கிராக்கி. ‘வீடு வந்த நாள்’ கொண்டாட்ட வீடியோவில் பிள்ளை கேக் வெட்டுகிறது, பின்னணியில் வயலின். முதல் வீடியோவில் எந்த வயதில் வந்தாள் என்பது மட்டும் இருக்கும். பார்ப்பவர்கள் மேலும் கேட்பார்கள். அடுத்ததில் எந்த ஊர் இல்லம் என்று வரும். அதற்கடுத்ததில் எங்கே, எந்த நிலையில் கிடைத்தாள். பெற்றவள் யாராக இருக்கலாம். வந்த புதிதில் படுக்கையை நனைத்தாள், சாப்பாட்டை ஒளித்தாள். ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தோடுதான். இன்னொரு அம்மாவுக்குப் பயன்படும் என்றுதான். ஆனால் உதவுகிறவரின் முதலீடு முழுவதும் இன்னொருவருடைய கதை, அந்த இன்னொருவருக்கு ஏழு வயது.

பதின்மூன்று வயதில், வகுப்புத் தோழி போனை நீட்டி “இது நீதானே?” என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

தத்து ஆவணங்கள் இரகசியமாக இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். சமூகப் பணியாளர் எழுதும் அறிக்கை கோப்புக்குள் போய்விடுகிறது. அவரிடம் மறைத்த அதே சுவர் உதைத்த கதை, பெயரோடும் முகத்தோடும் நாற்பதாயிரம் பேர் பார்வைக்குப் போகலாம். பெற்றோரே ஏற்றியது என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கசிவு நடக்கிறது. ரெஃபரல் வந்த பதற்றத்தில் பிள்ளையின் மருத்துவ அறிக்கையை, சில சமயம் போட்டோவையும் சேர்த்துக் குழுவில் போட்டு “எடுத்துக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அந்தத் தம்பதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் அந்தப் பிள்ளையின் முகம் எண்பது போன்களில் தங்கிவிடுகிறது.

இதில் வார இதழ்களுக்கும் பங்கு உண்டு. பேட்டி முடிந்ததும் “பாப்பாவோட சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மேடம்?” என்று கேட்காத புகைப்படக்காரர் யார்?

வெளிப்படையாகப் பேசினால்தான் கூச்சம் போகும், சிறு நகரத்தில் தனியாகத் தவிக்கும் தம்பதிக்கு ஒரு வீடியோதான் முதல் ஆறுதல் என்பார்கள். உண்மைதான். அதற்கு அம்மாவின் கதை போதும். தான் அழுத ராத்திரிகளை, மாமியாரோடு போட்ட சண்டையை, பிள்ளையை ஓங்கி அறைந்துவிடுவோமோ என்று பயந்து குளியலறையில் தாழிட்டுக்கொண்டதை அவர் சொல்லலாம். பிள்ளை எங்கே கிடைத்தது என்பது அந்தக் கணக்கில் சேராது. நல்ல அக்காக்கள் இந்தக் கோட்டைத் தாங்களாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பிள்ளைக்குப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, சில சமயம் ஆணா பெண்ணா என்பதே இருக்காது. அதனால்தானோ என்னவோ, அவர்களுக்கு மேடை அழைப்பு வருவது குறைவு.

தத்துக்கு முன்னும் பின்னும் குடும்பங்களுக்கு ஆலோசனை கிடைக்கும்படி, குழந்தை உளவியல், மனநலம், சமூகப்பணி படித்தவர்களை மாவட்ட அளவில் பட்டியலிடச் சொல்லி 2025 ஜூலையில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் போயிருக்கிறது. அனுபவசாலிப் பெற்றோரையும் வளர்ந்த தத்துப்பிள்ளைகளையும் இந்த ஏற்பாட்டோடு இணைத்துச் சிறு ஊதியமும் தர ஏதாவது ஒரு மாவட்டம் முன்வந்தால், எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு முதல் நாள் பயிற்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்களை என்ன செய்வது என்ற பேச்சு வந்தால் மதியச் சாப்பாடு தாமதமாகும்.