எக்கினேசியா வேரும் எதிர்ப்பு உயிரணுக்களும்

வட அமெரிக்கப் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட எக்கினேசியா, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடியாகும். அங்குள்ள பழங்குடியினர் தொண்டைவலிக்கும் பல்வலிக்கும் பயன்படுத்திய அதன் வேர், இன்று சளிக்கான மருந்தாகப் பல நாடுகளில் விற்கப்படுகிறது. சித்த மருத்துவம் அறிந்த அக்கிரகார வேரைப் போலவே இதையும் மென்றால் நாக்கு விறுவிறுத்து மரத்துப்போகும். இரண்டிலும் உள்ள அல்கைலமைடு என்னும் சேர்மங்களே அதற்குக் காரணம்.

இவ்வேரின் சாறு எதிர்ப்பு உயிரணுக்களை என்ன செய்கிறது என்பதை ஆய்வகத்தில் சோதிக்க, மனித இரத்தத்தை அடர்த்தி மிக்க கரைசலின் மேல் பரப்பி வேகமாகச் சுழற்றுகின்றனர். சிவப்பணுக்கள் அடியில் படிய, லிம்போசைட், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்கள் நடுவில் மெல்லிய வெண்படலமாகத் தங்குகின்றன. அப்படலத்தை உறிஞ்சியெடுத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஊட்டக் கரைசலில் வைத்து, வேர்ச்சாற்றைச் சேர்த்தபின், உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்களை அளக்கின்றனர்.

கிடைக்கும் விடை, வேரை எதில் ஊறவைத்தார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. தண்ணீரில் பல்சர்க்கரைகள் இறங்குகின்றன. ஆல்ககாலில் அல்கைலமைடுகள் இறங்குகின்றன. இந்த அல்கைலமைடுகள் எதிர்ப்பு உயிரணுக்களின் மேலுள்ள சிபி2 என்னும் ஏற்பியின் வழியாக, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்னும் சைட்டோகைனின் உற்பத்தியை மாற்றியமைப்பதாக 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மண்ணுக்குள் வளரும் வேரில் பாக்டீரியாக்களும் குடியிருப்பதால், அவற்றின் உறைப்பொருள்கள் சாற்றில் கலந்துவிடுவதுண்டு. இம்மியளவு இருந்தாலும் மோனோசைட்டுகள் அவற்றைக் கிருமியின் வருகையாகக் கொண்டு கிளர்ச்சியடைகின்றன. எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாகக் கருதப்பட்ட சில மூலிகைகளின் சாறுகள் ஆய்வகத்தில் காட்டிய தூண்டலில் பெரும்பகுதி இத்தகைய பாக்டீரியப் பொருள்களால் விளைந்தது என்று மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் தெரிவித்தனர். ஆகவே, பாக்டீரிய நச்சைப் பிணைத்து முடக்கும் பாலிமிக்சின்-பி போன்ற பொருளைச் சேர்த்து ஒப்பிடாத சோதனையை அப்படியே ஏற்பதற்கில்லை.

கண்ணாடித் தட்டில் காணும் விளைவு உடலிலும் நிகழும் என்பதற்கும் உறுதியில்லை. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெவ்வேறு கரைப்பான்களால் எடுக்கப்பட்ட மூன்று எக்கினேசியா வேர்ச்சாறுகளை 437 தன்னார்வலர்களிடையே சோதித்தபோது, சளி வைரஸ் தொற்றையோ அதன் கடுமையையோ அவை குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டுவது எப்போதும் நன்மையும் அன்று. தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய வேர்ச்சாறுகளை உட்கொள்ளலாகாது.