மேசைக் கணினியா, மடிக்கணினியா?

செய்யும் தொழிலை அறிந்து அதற்குரிய கருவியை வாங்குவது உலக வழக்கம். கணினி வாங்கும்போது மட்டும் இம்முறை தலைகீழாகி விடுகிறது. கண்ணைக் கவர்ந்ததை வாங்கிய பின்னரே, அது நம் வேலைக்கு ஏற்றதா என்று எண்ணத் தொடங்குகிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கலியாணப் படம் எடுக்கும் இளைஞர் சிலர், எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. கடன் பெற்றுத் தொழில் தொடங்குவோருக்கு இது சிறிய கேள்வி அன்று.

முதலில் வேலையின் பளுவை அளந்து பார்ப்போம். '4கே' வீடியோவின் ஒரு சட்டத்தில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டங்கள் எனில், ஒரு நொடிப் படத்திலேயே 20 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் அடங்கும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் கேமராவில் ஒரு மணி நேரப் படம் 45 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். இரண்டு கேமராக்கள், மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று கூட்டினால் ஒரு கலியாணமே பல நூறு ஜிகாபைட் ஆகிவிடும். நிழற்படத் திருத்தத்தில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கணினி சற்று இளைப்பாறும். வீடியோவோ, தொகுத்து முடித்ததை இறுதிக் கோப்பாக்கும்போது, இயந்திரத்தை நெடுநேரம் ஓய்வின்றி உழைக்கச் செய்யும்.

இடைவிடா உழைப்பில் பிறப்பது வெப்பம். மேசைக் கணினியின் பெட்டிக்குள் காற்று உலவ இடம் உண்டு. பெரிய விசிறிகளும் உண்டு. மடிக்கணினியின் மெல்லிய உடலில் அவ்வசதி குறைவு. சூடு எல்லை கடந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள ஸ்டூடியோவில் இக்குறை நன்கு புலப்படும். பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. மேசைக் கணினியில் நினைவகம் போதாவிடில் சேர்க்கலாம். வட்டு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று உள்ளதே கடைசிவரை. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் வெளியிட்டுவரும் எம் வரிசைச் சில்லுகள் குறைந்த மின்சாரத்தில் வீடியோவைத் திறம்படக் கையாளுகின்றன. எனினும், அவை பொருந்திய மடிக்கணினிகளிலும் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இயலாது.

மடிக்கணினிக்கும் தனிச்சிறப்பு உண்டு. மயிலம் முருகன் கோயிலில் காலை முகூர்த்தம், மாலையில் விழுப்புரத்தில் வரவேற்பு என்றால், இடைப்பொழுதிலேயே படங்களை நகலெடுத்து, சிலவற்றைத் திருத்தி, மாலையில் உறவினருக்குக் காட்டலாம். மின்சாரம் நின்றாலும் அதன் மின்கலம் சிறிது நேரம் கைகொடுக்கும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். தேவை, சிறிய யு.பி.எஸ். தருவது வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கான சில நிமிட அவகாசமே.

இயந்திரம் எதுவாயினும் படத்தைக் காப்பது முதற்கடமை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் தரைத்தளத்து அறைக்குள் புகுந்தால், மேசைமேல் இருப்பது எக்கணினி என்று பார்ப்பதில்லை. திருப்பூட்டும் கணம் இன்னொரு முறை வாராது. அதன் பதிவு அழிந்தால் எப்பணமும் ஈடாகாது. ஆகவே மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் நலம். திண்டிவனத்தார் விழுப்புரத்து உறவினர் வீட்டில் ஒரு வட்டை வைக்கலாம். தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே.

முடிவாக ஒன்று கூறுவேன். தொகுப்பு வேலை ஸ்டூடியோவிலேயே நடைபெறுமாயின் மேசைக் கணினியே தக்கது. நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையலாகாது. 32 இருப்பின் நன்று. பட்டின் சிவப்பையும் பொன்னின் மஞ்சளையும் பிழையின்றிக் காட்டும் திரைக்கும் பணம் ஒதுக்குக. ஊர் ஊராகச் சென்று வேலை செய்வோர் மடிக்கணினி வாங்கலாம். கனத்த மூலப்படத்திற்குப் பதிலாகச் சிறிய நகலை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலத்தோடு இணைக்கும் முறை அவர்களுக்கு உதவும். கணினியின் விலையைக் கேட்குமுன், பிரதிகளுக்கான வட்டுகளின் விலையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எஞ்சிய தொகைக்குள் கணினியைத் தேடுங்கள்.