ஒரு ‘இல்’லுக்கு மூன்று சொற்கள்

‘சாவி மேசைமேல் இருக்கிறது’ என்னும்போது ‘மேல்’ மேசைக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் அதே செய்தி ‘த கீ இஸ் ஆன் த டேபிள்’. அங்கே ‘ஆன்’ மேசைக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது. இப்படிப் பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கும் வாக்கியத்தின் மற்றப் பகுதிக்கும் உள்ள உறவைக் காட்டும் சொல்லைப் பள்ளிகளில் பிரெபொசிஷன் என்பார்கள். தமிழில் முன்னிடைச்சொல் என்று எழுதுவதுண்டு. அதுவும் அதை அடுத்து வரும் பெயரும் சேர்ந்தால் முன்னிடைத் தொடர். ‘அட் ஹோம்’, ‘பை பஸ்’, ‘இன் த மார்னிங்’, ‘ஃபார் மை மதர்’ எல்லாம் இந்த வகை. இத்தகைய தொடர் ஒன்றிரண்டாவது இல்லாமல் நாலு வரி ஆங்கிலம் பேசுவது கடினம்.

தமிழில் இந்த வேலையை ஐ, ஆல், கு, இல் போன்ற வேற்றுமை உருபுகளும், மேல், கீழ், பற்றி, வரை போன்ற சொற்களும் செய்கின்றன. எல்லாமே பெயருக்குப் பின்னால்தான் வரும். அதனால் நீண்ட தொடர்கள் இரு மொழிகளிலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறி அமைகின்றன. ‘மலைமேல் இருக்கும் வீட்டுக் கதவின் சாவி’ என்பது ‘த கீ ஆவ் த டோர் ஆவ் த ஹவுஸ் ஆன் த ஹில்’ ஆகிறது. தமிழ் மலையில் தொடங்கிச் சாவிக்கு வந்து சேர்கிறது. ஆங்கிலம் சாவியில் தொடங்கி மலைக்குப் போகிறது. நீண்ட ஆங்கில வாக்கியத்தில் திணறும் மாணவர், கடைசித் தொடரிலிருந்து பின்னோக்கிப் பொருள் கூட்டிப் பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் உருபுகள் நிறைந்த மொழியாகத்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயரின் ஈறு மாறி வேற்றுமையைக் காட்டியது. பேச்சில் அந்த ஈறுகள் மெல்லத் தேய்ந்து ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. பிறகு பெரும்பாலும் உதிர்ந்தே போயின. அவை சுமந்த பாரம் சொல் வரிசைமீதும் முன்னிடைச்சொற்கள்மீதும் இறங்கியது. பழைய சொற்களே புது வேலைகளை ஏற்றன. உடைமையைக் காட்டும் ‘ஆவ்’, விலகலைக் காட்டும் ‘ஆஃப்’ இரண்டும் முன்பு ஒரே சொல். இன்று ‘உடன்’ என்று பொருள்படும் ‘வித்’ அப்போது ‘எதிராக’ என்பதையும் குறித்தது. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற வினையில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சில தொடர்கள் இறுகி ஒரே சொல்லாகவும் ஆகிவிட்டன. ‘அலைவ்’ என்பதன் முதல் எழுத்து பழைய ‘ஆன்’ தேய்ந்து நின்றதுதான். மணி சொல்லும் ‘ஓ க்ளாக்’ என்பதில் ‘ஆவ் த க்ளாக்’ ஒளிந்திருக்கிறது.

தமிழ் பேசுபவருக்கு மிகவும் தொல்லை தருபவை இன், ஆன், அட் என்ற மூன்று சிறு சொற்கள். அறையில், சுவரில், பேருந்து நிறுத்தத்தில் என்று தமிழ் ஒரே ‘இல்’லை வைத்து மூன்றையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலமோ ‘இன் த ரூம்’, ‘ஆன் த வால்’, ‘அட் த பஸ் ஸ்டாப்’ என்று பிரிக்கிறது. பொருள் எங்கே இருக்கிறது என்பதோடு, பேசுபவர் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் இந்தச் சொற்கள் சொல்கின்றன. நாலாபக்கமும் சூழ்ந்த இடமாகப் பார்த்தால் இன். பரப்பாகப் பார்த்து, அதைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னால் ஆன். நீள அகலத்தை மறந்து வெறும் புள்ளியாகக் கருதினால் அட். ஒரே கட்டடத்துக்கு அட், இன் இரண்டும் பொருந்தலாம். ‘அவர் பேங்க்கில் இருக்கிறார்’ என்பதை ‘அட் த பேங்க்’ என்றால், பேங்க் வேலையாகப் போயிருக்கிறார் என்பதே செய்தி; வாசலில் நின்றாலும் சரிதான். ‘இன் த பேங்க்’ என்றால் கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறார்.

வண்டிகளில் இந்தப் பார்வை இன்னும் தெளிவாகத் தெரியும். காரில் இருப்பவர் ‘இன் த கார்’. பேருந்தில் இருப்பவர் ‘ஆன் த பஸ்’. ரயில், விமானம், கப்பல் எல்லாவற்றுக்கும் ஆன்தான். எழுந்து நின்று நடக்க இடமுள்ள பொது வண்டியென்றால் ஆன், உடலைக் குறுக்கி உட்காரும் சிறு வண்டியென்றால் இன் என்பது நடைமுறைக்கு உதவும் கணக்கு. சிறு படகுக்கு இன், கப்பலுக்கு ஆன் என்பதும் இதற்குள் அடங்கும். சைக்கிளும் குதிரையும் சிறியவைதானே என்று கேட்கலாம். அவற்றின் மேலே உட்காருகிறோம், ஆகவே அங்கே ஆன்.

காலத்தைச் சொல்லவும் இதே மூன்று சொற்கள்தான். கடிகார நேரத்துக்கு அட், நாளுக்கும் தேதிக்கும் ஆன், மாதம், ஆண்டு போன்ற நீண்ட காலத்துக்கு இன். ‘அட் சிக்ஸ்’, ‘ஆன் மண்டே’, ‘இன் 1947’. காலை, மாலைக்கு இன் வரும். இரவுக்கு மட்டும் பொதுவாக ‘அட் நைட்’. ‘திங்கட்கிழமை காலை’ என்று கிழமையும் சேர்ந்துவிட்டால் மீண்டும் ஆன். நேரத்தைச் சொல்லும்போது ஓர் எழுத்தே பொருளை மாற்றுவதும் உண்டு. ‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்தில். ‘இன் டைம்’ என்றால் காலம் தவறிவிடாமல், அதற்குள். ஒன்பது மணி ரயில் ஒன்பதுக்கே வந்தால் அது ஆன் டைம். அந்த ரயிலைப் பிடிக்க முடிகிற அளவுக்கு முன்னதாகப் பயணி வந்துவிட்டால் அவர் இன் டைம்.

அலுவலகக் கடிதங்களில் உண்மையான சேதம் விளைவிப்பது பை, டில் குழப்பம். ‘வெள்ளிக்குள் முடித்துத் தருகிறேன்’ என்பதற்கு ‘பை ஃப்ரைடே’. ‘வெள்ளி வரை இங்கே இருப்பேன்’ என்பதற்கு ‘டில் ஃப்ரைடே’ அல்லது ‘அன்டில் ஃப்ரைடே’. முன்னது கெடு, பின்னது நீட்சி. தமிழிலும் ‘குள்’, ‘வரை’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பதால் இந்த இணையைத் தமிழ் வழியாகவே பிழையின்றிக் கற்றுக்கொள்ளலாம். ‘இரண்டு வருடமாக’ என்பதற்கு ‘ஃபார்’, ‘2020இலிருந்து’ என்பதற்கு ‘சின்ஸ்’ என்பதும் அப்படித்தான். கால அளவு ஒன்று, தொடக்கப் புள்ளி மற்றொன்று.

மற்ற இடங்களில் தமிழைத் துணைக்கு அழைத்தால் வழுக்கிவிடும். ‘என்மேல் கோபம்’ என்று நாம் சொல்வதால் ‘ஆங்ரி ஆன் மீ’ என்று வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் அது ‘ஆங்ரி வித் மீ’. ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்பது ‘குட் இன் மேத்ஸ்’ ஆகாமல் ‘குட் அட் மேத்ஸ்’ ஆகிறது. ஒருவரோடு நடக்கும் திருமணத்தை ‘மேரிட் வித்’ என்று சொல்லத் தோன்றும். வழக்கு ‘மேரிட் டு’. ‘பற்றிப் பேசினோம்’ என்பதை நினைத்து ‘டிஸ்கஸ்’ என்ற வினையின் பின்னால் ‘அபவுட்’ சேர்ப்பவர்கள் ஏராளம். அந்த வினைக்கு முன்னிடைச்சொல்லே வேண்டாம். காபியைவிட டீ பிடிக்கும் என்பதில் உள்ள ‘விட’ காரணமாக ‘ப்ரிஃபர்’ என்ற வினையோடு ‘தேன்’ சேர்த்துவிடுகிறோம். அங்கே வர வேண்டியது ‘டு’. இவற்றுக்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருப்பதைவிட, சொல்லையும் அதன் துணையையும் ஒரே சொல்லாக மனத்தில் ஏற்றுவதே நல்ல வழி. அகராதியில் ‘ஆங்ரி’க்குப் பொருள் பார்க்கும்போதே ‘ஆங்ரி வித்’ என்று நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முன்னிடைத் தொடர் வாக்கியத்தில் எதோடு ஒட்டுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ‘ஐ சா த மேன் வித் த டெலஸ்கோப்’ என்பது மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம். தொலைநோக்கியால் பார்த்தேன் என்றும் கொள்ளலாம். தொலைநோக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன் என்றும் கொள்ளலாம். தமிழில் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் சொல்ல முடியும், குழப்பத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர் தொடரை இடம் மாற்றியோ வாக்கியத்தையே மாற்றியோ பொருளைத் தெளிவாக்க வேண்டும்.

பெயரை விட்டுப் பிரிந்து முன்னிடைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் தனியே நிற்பதும் உண்டு. ‘எதைப் பார்க்கிறாய்?’ என்பது ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ இது தவறு என்று பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் நடையில் இதைக் குறையாகச் சுட்டினார். பின்னர் தம் பழைய உரைநடை நூலின் மறுபதிப்பிலும் இப்படி நின்ற சொற்களை இடம் மாற்றித் திருத்தினார். லத்தீனில் இப்படி வராது என்பது இந்த விதிக்குப் பின்னால் இருந்த எண்ணம். ஆங்கிலம் லத்தீன் இல்லையே. இன்றைய இலக்கண நூல்கள் இதைப் பிழையாகக் கருதுவதில்லை. தயங்காமல் பேசலாம்.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. வார இறுதியை பிரிட்டனில் ‘அட் த வீக்கெண்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஆன் த வீக்கெண்ட்’. நோயாளி பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’, அமெரிக்காவில் ‘இன் த ஹாஸ்பிடல்’. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதற்கு ‘ஃபில் இன்’ பிரிட்டனில் பழகியது, ‘ஃபில் அவுட்’ அமெரிக்காவில். இரண்டும் சரியே.

படிக்கும்போது தெரிந்த முன்னிடைச்சொல், கேட்கும்போது காணாமல் போவதாகப் பலரும் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உச்சரிப்பு. வாக்கியத்தின் நடுவில் இந்தச் சொற்கள் அழுத்தம் பெறுவதில்லை. உயிரொலி மங்கி, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘கப் ஆவ் டீ’ பேச்சில் ‘கப்ப டீ’ போல ஒலிக்கிறது. பிரிட்டனில் ஒரு கோப்பைத் தேநீருக்கு ‘கப்பா’ என்ற பெயரே இதிலிருந்து பிறந்துவிட்டது. ‘ஃபார்’ வெறும் ‘ஃப’ ஆகிறது, ‘டு’ வெறும் ‘ட’ ஆகிறது. ஆனால் அதே சொல் ‘லுக்கிங் அட்?’ என்று வாக்கியத்தின் கடைசிக்கு வந்து நிற்கும்போது, மங்காமல் முழு உயிரொலியோடு காதில் விழுகிறது.