காளான்களைக் கற்ற மதகுரு

மழை பெய்த மறுநாட் காலையில் வேலியோரத்தில் முளைத்து, வெயில் ஏறுமுன் வாடிவிடுங் காளானை நாம் பொருட்படுத்துவதில்லை. பழஞ்சோற்றிற் படரும் பூஞ்சணத்தைக் கண்டால் அருவருத்து அகற்றிவிடுகின்றோம். இத்தகைய அற்பப் பொருள்களைக் கற்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் மைல்ஸ் ஜோசப் பேர்க்லி.

1803 ஆம் ஆண்டிற் பிறந்த பேர்க்லி, கேம்பிரிட்ஜிற் பயின்று, ஆங்கிலத் திருச்சபையின் குருவானார். நாட்டுப்புறக் கோயிற்பணியே அவருடைய சீவனம். பிள்ளைகள் பலரைப் பேணும் பொறுப்பும் அவர்க்கிருந்தது. எனினும், கிடைத்த ஓய்வையெல்லாம் நுணுக்குக்காட்டியின் முன் கழித்தார். பிரித்தானியப் பூஞ்சணங்களைப் பற்றி அவரெழுதிய நூல் 1836 இல் வெளிவந்தது. டார்வின் தம் கடற்பயணத்திற் சேகரித்த பூஞ்சணங்களையும் இவரே ஆராய்ந்தார்.

1845 இல் ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. கிழங்குகள் மண்ணுள்ளே அழுகின. அயர்லாந்தின் ஏழைகட்கு அக்கிழங்கே உணவு. தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இக்கேட்டிற்குக் காரணம் யாது? மிகுந்த ஈரத்தாற் செடிகள் நலிந்தன என்றும், நலிந்த செடியிலே பூஞ்சணம் பின்னர் வந்து குடியேறிற்று என்றும் லின்ட்லி முதலிய பேரறிஞர் கூறினர். பேர்க்லியோ, பூஞ்சணமே நோயை விளைக்கின்றதென 1846 இல் எழுதினார். பலர் அதனை ஏற்கவில்லை. ஜெர்மானிய அறிஞரான டி பாரி, நலமான செடிகளிற் பூஞ்சண வித்திகளை இட்டு நோயை உண்டாக்கிக் காட்டியபோது பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

பேர்க்லியின் ஆராய்ச்சி நம் நாட்டையுந் தொட்டது. 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியிலே செம்மஞ்சட் பொடி படியக் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லியும் அவர் நண்பர் புறூமும் அப்பூஞ்சணத்துக்கு 'ஹெமிலேயா வஸ்டாற்றிக்ஸ்' எனப் பெயரிட்டனர். முதற்சொல், ஒருபுறம் வழுவழுப்பும் மறுபுறம் சொரசொரப்பும் உடைய அதன் வித்தியைக் குறிப்பது. இரண்டாஞ்சொல்லின் பொருள் 'பாழ்படுத்துவது' என்பதாகும். பெயர் மெய்யாயிற்று. இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. கோப்பி பறிக்கும் பருவத்தில் வந்து மீண்டும் ஊர் செல்லும் வழக்கமுடைய தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுதும் வேலை வேண்டும் தேயிலைத் தோட்டங்களிலே நிலையாகத் தங்கினர். நம் மலையகத்தின் வரலாற்றில் அச்சிறு பொடிக்கும் பங்குண்டு.

பகைவனின் பெயரை அறிந்த மாத்திரத்தே பயிரைக் காத்தல் இயலவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஈரத்தையும் விதியையும் நொந்துகொண்டிருந்தால், மருந்து தேடும் எண்ணமே எழுந்திராது. பூஞ்சணத்தை அழிக்குஞ் செப்புக் கலவை 1885 அளவிற் பிரான்சில் வழக்கிற்கு வந்தது. அதனைத் தெளிக்கத் துணிவதற்கு, நோயின் காரணத்தை முதலிற் கண்டிருத்தல் வேண்டும்.

பேர்க்லி தாம் சேர்த்த 9,000க்கு மேற்பட்ட மாதிரிகளை 1879 இல் கியூ தாவரப் பூங்காவுக்கு அளித்து, 1889 இல் மறைந்தார். ஆய்வுகூடமும் கருவிகளும் இன்மையாற் கற்க இயலவில்லை என வருந்தும் நம் மாணவர், அந்நாட்டுப்புறக் குருவை நினைத்தல் நன்று. வேலியோரக் காளான் நமக்கும் எட்டுந் தூரத்திலேயே உள்ளது.