கோச் தேவை... ஜாதகத்துடன் அணுகவும்!

கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற வீட்டைப் பார்த்திருக்கீங்களா? பெரியப்பா ஒரு வரன் சொல்வார். சித்தி இன்னொண்ணு சொல்வாங்க. எதிர்வீட்டு மாமா கையில் போட்டோவோடயே வந்து நிப்பார். கடைசில அப்பா, யாருமே நினைக்காத ஒரு இடத்தை முடிச்சுட்டு வருவார். பெரிய ஃபுட்பால் கிளப் புது கோச் தேடுறதும் அச்சு அசல் இதேதான் பாஸ்! என்ன... இங்கே பெரியப்பா, சித்தி இடத்துல லட்சக்கணக்கான ரசிகர்கள்!

2024 ஜனவரி 26. உடம்பில் தெம்பு தீர்ந்துக்கிட்டு வருது, சீஸன் முடிஞ்சதும் கிளம்பறேன் என்று அறிவித்தார் லிவர்பூல் கோச் யூர்கன் க்ளாப். சாதாரண ஆளா அவர்? 2015 அக்டோபரில் வந்து, 2019-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும், 2020-ல் ஊரே 30 வருஷம் தவம் கிடந்த லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தவர். அன்னிக்கு சாயங்காலமே ஆன்ஃபீல்ட் மைதானத்தைச் சுற்றியிருக்கிற பப்களில் பட்டிமன்றம் ஆரம்பம். அடுத்தது யாரு?

வரன் 1: நம்ம வீட்டுப் பையன்

ஸாபி அலோன்ஸோ. 2004 முதல் 2009 வரை லிவர்பூல் சட்டை போட்டவர். 2005 இஸ்தான்புல் ஃபைனலில் ஏ.சி.மிலனிடம் 0-3 என்று செத்துக் கிடந்த மேட்சை 3-3 ஆக்கிய கோல் இவருடையது. பாசத்துக்குக் கேட்கணுமா? கோச்சாகவும் ஆள் கில்லாடி. 2022 அக்டோபரில், 18 டீமில் 17-வதாகத் தள்ளாடிக்கொண்டிருந்த லெவர்குசனைக் கையில் எடுத்தார். 2023-24 சீஸன் முடிஞ்சப்போ 28 வெற்றி, 6 டிரா, தோல்வி ஜீரோ. ஜெர்மன் சாம்பியன்!

'ஒரே ஒரு நல்ல சீஸனை வச்சு முடிவு பண்றதா? நாளைக்கு ரியல் மாட்ரிட் கூப்பிட்டா ஓடிட மாட்டாரா?' என்றது எதிர் கோஷ்டி. ரெண்டு தரப்புக்கும் வேலையில்லாம, மார்ச் 29-ம் தேதி மாப்பிள்ளையே வாயைத் திறந்தார்... லெவர்குசனை விட்டு வரலை!

வரன் 2: போர்ச்சுகல் புயல்

ரூபன் அமோரிம். 2020-21-ல் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு 19 வருஷம் கழிச்சு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த இளைஞர். வயசு, துடிப்பு, பேச்சு எல்லாம் ஓ.கே. சிக்கல் எங்கே தெரியுமா? அவர் ஆட்டம் முழுக்க மூணு டிஃபெண்டர்களை வச்சு ஆடுற 3-4-3. லிவர்பூல் பசங்க வருஷக்கணக்கா நாலு டிஃபெண்டரோட ஆடிப் பழகினவங்க. வர்ற மாப்பிள்ளைக்காக வீட்டையே இடிச்சுக் கட்டணுமா என்பது நியாயமான கேள்விதானே?

வரன் 3: யாருப்பா இவரு?

ஆர்னே ஸ்லாட். ஹாலந்தில் ஃபெயனூர்ட் டீமின் கோச். 2022-23 லீக் சாம்பியன், 2024-ல் டச்சு கோப்பை. பெயர் வந்ததுமே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினாங்க. 'ஹாலந்து லீக்ல ஜெயிச்சவங்க இங்கிலாந்துல என்ன கிழிச்சாங்க?' என்று லிஸ்ட் போட்டாங்க. 2017-ல் கிரிஸ்டல் பேலஸுக்கு வந்த ஃப்ராங்க் டி போர், நாலு லீக் மேட்ச், நாலு தோல்வி, கோல் பூஜ்யம் என்று பெட்டி கட்டினார். அயாக்ஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த எரிக் டென் ஹாக் 2023-24-ல் எட்டாவது இடம். கேட்க வலுவான வாதம்தான். ஆனா, ஒரே ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஒரே ஜாதகமா என்ன?

ஜாதகம் பார்த்தது யாரு?

இங்கேதான் சுவாரஸ்யம். லிவர்பூல் ஆபீஸில் கோச்சுக்கு நிஜமாகவே ஜாதகம் கணிப்பாங்க... கம்ப்யூட்டரில்! 2015-ல் க்ளாப்பை எடுத்த கதையைக் கேளுங்க. 2014-15-ல் அவருடைய டார்ட்மண்ட் டீம் ஏழாவது இடம். 'மனுஷன் கதை முடிஞ்சது' என்று உலகம் சொன்னது. லிவர்பூலில் வேலை பார்த்த இயன் கிரஹாம் (இயற்பியலில் டாக்டரேட் வாங்கினவர்), ஒவ்வொரு மேட்ச்சிலும் டீம் உருவாக்கிய கோல் வாய்ப்புகளைக் கணக்குப் போட்டார். ஆட்டத்தின் தரப்படி அந்த டீம் ரெண்டாவது இடத்துக்கு வந்திருக்கணும், கவுத்தது அதிர்ஷ்டம்தான் என்று விடை வந்தது. மீதி வரலாறு!

2024-லும் அதே பாணி. மைக்கேல் எட்வர்ட்ஸ், ரிச்சர்ட் ஹியூஸ் கூட்டணி பார்த்தது புகழை அல்ல. இருக்கிற டீமுக்குப் பொருந்துற ஆட்டமா, கையில் இருந்த காசுக்கு மேல் சாதித்தாரா, பசங்க முன்னேறினாங்களா, அடிக்கடி காயம் படாம ஆடினாங்களா... இதையெல்லாம்தான். எல்லாப் பொருத்தமும் ஸ்லாட்டுக்கு!

மே 19, க்ளாப்பின் கடைசி மேட்ச். மைக்கைப் பிடித்தவர் தன் புகழ் பாடலை. ஸ்லாட் பெயரை ராகம் போட்டுப் பாடி, மொத்த ஸ்டேடியத்தையும் கூடப் பாட வைத்தார். அதிகாரபூர்வ அறிவிப்பு வந்ததே மறுநாள்தான். புது ஆள் பேரில் ரசிகர்களுக்கு இருந்த பாதி சந்தேகத்தை அந்த ஒரு பாட்டு துடைச்சிருக்கும்.

அப்புறம்?

2025 ஏப்ரல் 27. டாட்டன்ஹாமை 5-1 என்று வீழ்த்தி, நாலு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே லிவர்பூல் சாம்பியன். மொத்தத்தில் 20-வது லீக் பட்டம். கிட்டத்தட்ட க்ளாப் விட்டுட்டுப் போன அதே டீம்! அதே சீஸன் நடுவில் யுனைடெட்டுக்குப் போன அமோரிம், 3-4-3-ஐ விடாம பிடிச்சுக்கிட்டு 15-வது இடத்தில் முடித்தார். 'வீட்டை இடிக்கணுமா' என்று கேட்ட ரசிகர் ஜெயிச்சுட்டார் பாருங்க!

கதை இங்கேயே முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். 2025 கோடையில் டீமின் ஃபார்வர்ட் டியாகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்துபோனார். கோடிகளைக் கொட்டிப் புது ஆட்களும் வந்தாங்க. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் ஏழு லீக் மேட்சில் ஆறு தோல்வி. ஸ்லாட்டைத் தோளில் தூக்கின அதே வாய்கள், 'அன்னிக்கே அலோன்ஸோவை எடுத்திருக்கணும்' என்று ஆரம்பிச்சுட்டாங்க. அந்த அலோன்ஸோ 2025-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போய், 2026 ஜனவரியிலேயே வெளியே வந்துட்டார். அதே மாசம் அமோரிமுக்கும் யுனைடெட்டில் வேலை போச்சு. ஜாதகம் முகூர்த்தம் வரைதான் பாஸ், குடும்பம் நடத்துறது வேற கதை!

அப்போ ரசிகர்கள் வாதாடுறதே வீணா? நிச்சயமா இல்லை. ஓட்டுப் போடுற உரிமை இல்லாட்டியும், டிக்கெட் வாங்கி, குளிரில் நின்னு, தோத்தாலும் பாடுறது அவங்கதானே? அடுத்த தடவை உங்க டீம் கோச் தேடும்போது நீங்களும் தாராளமா சண்டை போடுங்க. 'யாரு பெரிய ஆளு'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'நம்ம பசங்களை வச்சு இவர் என்ன பண்ணுவாரு?' என்று கேளுங்க. டீக்கடை பெஞ்சுல உங்க கட்சிதான் ஜெயிக்கும்... குறைஞ்சபட்சம் அடுத்த தோல்வி வரைக்கும்!