உள்பக்கம் கை விட்டுப் பாரு

டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்த அப்பா கேட்டார்: “ஸ்டெப்னி எங்க அம்மணி?”

“இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாதுங்கப்பா.”

“ஸ்டெப்னி இல்லாத வண்டிய நம்பித்தான் ராத்திரில தனியா வந்துட்டுப் போயிட்டு இருக்கறயா?”

அப்பாவுக்கு 78 வயது. சங்ககிரியில் 40 வருடம் லாரி வைத்துப் பிழைத்தவர். எங்கள் வீட்டில் அரிசி விலையைவிட டயர் விலைதான் அதிகம் பேசப்பட்டது. நான் கோவையில் பல் டாக்டர். மூன்று வருடத்துக்கு முன்பு, ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்த ஆசைக்கு ஒரு வழி செய்தேன்: செகண்ட் ஹேண்டில் ஒரு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், 330ஐ. செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டி ஆலையில் பூட்டிய வண்டி, 252 குதிரைத்திறன். ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை கிளினிக்கைச் சாத்திவிட்டு அதில்தான் ஊருக்குப் போவேன். ஞாயிறு இரவு திரும்புவேன்.

அன்று அப்பாவிடம் நான் காட்டியது சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட். நான்கு டயரும் மாற்ற வேண்டுமாம். ஒரு லட்சத்துக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், “தேஞ்சிருச்சு மேடம்.” அவ்வளவுதான் பதில். இரண்டு மாதம் முன்பு அதே இடத்தில் அதே டயர்களுக்கு ‘ஓகே’ என்று டிக் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. கையை உள்ளே விட்டு, டயரின் உள் ஓரத்தைத் தடவினார்.

“மொட்டை. நீயும் உள்பக்கம் கை விட்டுப் பாரு.”

விட்டேன். வெளி ஓரத்தில் பட்டன், அதாவது ட்ரெட், பரவாயில்லாமல் இருந்தது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று ஒன்றுமே இல்லை.

என் தொழிலில் தினமும் பார்க்கும் சங்கதிதான் இது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்தால் எல்லாருடைய பல்லும் சுத்தமாகத்தான் தெரியும். பற்காரை கட்டியிருப்பது கீழ்வரிசையின் நாக்குப் பக்கத்தில். இந்த மாதிரிக் கார்களில் பின் சக்கரம் நட்டுக்குத்தலாக நிற்பதில்லை. தலைப்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் சாலையில் முழுதாகப் படியட்டும் என்று அப்படி வைக்கிறார்கள். கேம்பர் என்று பெயர். நேர்சாலையில் ஓடும்போது பாரம் உள் ஓரத்தில் சற்றுக் கூடுதலாக இறங்கும். அலைன்மென்ட்டும் விலகிவிட்டால் கேட்கவே வேண்டாம், உள் ஓரம் சீக்கிரம் கரைந்துவிடும்.

என் பையில் பழைய ப்ரோப் ஒன்று கிடந்தது. ஈறு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டர் கோடு பார்த்து அளக்கும் மெல்லிய கம்பி. அதை டயரின் பள்ளத்தில் விட்டேன். முன் டயர்களில் 4. பின் டயரின் வெளிப் பள்ளத்தில் 3, உள் பள்ளத்தில் 1 கூட இல்லை. புது டயரில் 7, 8 மி.மீ. இருக்கும். 1.6-க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. அளக்கக் கம்பி இல்லாதவர்களுக்காகப் பள்ளத்துக்குள் அங்கங்கே அந்த உயரத்துக்கு ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

முன் இடது டயரின் பக்கச்சுவரில் பாதி கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கத்தையும் அப்பா கண்டுபிடித்தார். “குழில விட்டுருக்கற.” உள்ளே நூல் அறுந்துவிட்டது, காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. இதற்கு ஒட்டு, வைத்தியம் எதுவும் கிடையாது. அதன் ஜோடிக்கு ஆறு வயது. ஆகமொத்தம் நான்கையும் மாற்றத்தான் வேண்டும். சர்வீஸ் சென்டர் சொன்ன எண்ணிக்கை சரிதான். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றியிருந்தால், புது டயரும் அடுத்த வருடம் அதே இடத்தில் மொட்டையாகியிருக்கும்.

பக்கச்சுவர் ஜாதகம்

முன் டயரில் 225/45 R18 91Y என்று எழுதியிருந்தது. பின் டயரில் 255/40 R18 95Y. அப்பாவுக்கு லாரி டயரின் எழுத்து அத்துபடி. இதை நான் வாசித்துச் சொன்னேன்.

225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 45 சதவீதம்: சுமார் 101 மி.மீ. R என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பின் டயர் அகலம் கூடுதல், விகிதம் குறைவு. அதனால் உயரம் 102-தான் வரும். கூட்டிப் பார்த்தால் முன்னும் பின்னும் விட்டம் ஏறக்குறைய 660 மி.மீ. இந்தச் சமம் தற்செயல் இல்லை. நான்கு சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் தடுப்பும் வேலை செய்கின்றன. “குழிக்கு நல்லது, ஒரு சைஸ் ஏத்திப் போடலாம்” என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 225/50 போட்டால் விட்டம் 22 மி.மீ. கூடிவிடும். முன்னும் பின்னும் ஒத்துப்போகாது.

முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் இடம் மாற்றிப் போடவும் முடியாது. இன்ஜின் தள்ளுவது பின் சக்கரத்தை. பின் டயர்தான் முதலில் தேயும். “லாரில நாலு தடவ மாத்திப் போட்டு ஓட்டுவோம்,” என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

91 என்பது கிலோ இல்லை, பாரக் குறியீடு: 615 கிலோ. 95 என்றால் 690. Y என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும். வண்டியையே 250-க்கு மேல் போகாதபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நான் அதில் பாதிகூடப் போவதில்லை. பிறகு எதற்கு Y? வேகத்தைத் தாங்குவது என்பது வெப்பத்தைத் தாங்குவதுதான். சித்திரை மத்தியானத்தில், பாரத்தோடு, சேலம் சாலையில் இரண்டு மணி நேரம் விடாமல் ஓடும் டயருக்கு அந்தத் தெம்பு வேண்டும். பாரத்திலும் வேகத்திலும் கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்கக்கூடாது.

கடைசியாகச் சின்ன நட்சத்திரம் ஒன்று. பி.எம்.டபிள்யூ தன் வண்டிக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயருக்கு நட்சத்திரம். மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. ஒரே பெயர், ஒரே பட்டன் உள்ள டயராக இருந்தாலும், குறி உள்ளதும் இல்லாததும் உள்ளுக்குள் வேறாக இருக்கலாம். குறி கட்டாயமில்லை. ஆனால் இரண்டு குறியுள்ளது, இரண்டு இல்லாதது என்று கலக்காதீர்கள்.

காற்றுப் போனாலும் ஓடும்

அன்றே அப்பாவையும் கூட்டிக்கொண்டு, கோவை அவினாசி சாலையில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடைக்குப் போனேன். கடைத் தம்பி நேர்மையானவர். “ரன்ஃபிளாட் வேண்டாங்க்கா. சாதா டயர் போட்டுக்குங்க, வண்டி மெத்தையாட்டப் போகும். விலையும் கம்மி.”

ஸ்டெப்னி இல்லாததற்குக் காரணமே ரன்ஃபிளாட்தான். அதன் பக்கச்சுவரில் கெட்டியான ரப்பர் கூடுதலாக இருக்கும். காற்று முழுக்க இறங்கினாலும் சுவரே வண்டியைத் தாங்கும். மணிக்கு 80 கி.மீ.க்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். சுவர் விறைப்பாக இருப்பதால் சாலையின் ஒவ்வொரு கல்லும் இடுப்புக்குத் தெரியும். எடையும் கூட. காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டை ஒட்டித் தரப் பல பஞ்சர் கடைகள் ஒப்புக்கொள்ளாது. உள்சுவர் நசுங்கிப் போயிருக்கலாம் என்ற பயம் நியாயமானது.

சாதா டயர் போட்டால் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் டிக்கியில் வேண்டும். ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் மத்திய அரசே விதியை மாற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பசை, பட்டனில் ஏறிய ஆணி ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் இழுவை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் மெத்தைப் பக்கம்தான் சாய்ந்தேன். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “80 கிலோமீட்டர் போகும்னயே, நெசமா?”

“போகுங்கய்யா,” என்றார் தம்பி.

“சங்ககிரிக்கும் கோயமுத்தூருக்கும் நடுவுல எங்க காத்துப் போனாலும் நம்ம ரெண்டு வீட்ல ஒண்ணு 80-க்குள்ள வந்துருமே அம்மணி. இடுப்பு வலிச்சா தைலம் தேச்சுக்கலாம். அதவே போடு.”

காலையில் ஸ்டெப்னி எங்கே என்று சண்டைக்கு வந்த மனிதர்! அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. இரவில் தனியாக நெடுஞ்சாலையில் போகிறவள் நான். என் தேர்வு ரன்ஃபிளாட். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், முதுகுவலிக்காரர், கூடத் துணை இருப்பவர் தாராளமாகச் சாதா டயருக்குப் போகலாம். இரண்டையும் கலந்து மட்டும் போடாதீர்கள்.

மழையா, மைலேஜா

டயருக்கும் சாலைக்கும் நடுவே ஒட்டுகிற இடம் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அதில் என்ன ரப்பர் என்பதுதான் அடுத்த கேள்வி. பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். எண் கூடக் கூட அதிக நாள் உழைக்கும். பொதுவாகப் பிடிப்பு குறையும். கம்பெனிகள் தாங்களே சோதித்துப் போடும் எண் இது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். இரண்டு கம்பெனியை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

அகலமான டயர் காய்ந்த சாலையில் ராஜா. தண்ணீர் தேங்கிய சாலையில் அதே அகலம் வினை. முன்னால் இருக்கும் தண்ணீரைப் பள்ளங்கள் வழியே ஒதுக்க முடியாதபோது டயர் சாலையை விட்டு நீரின் மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. என் மொட்டைப் பின் டயரோடு ஐப்பசி மழையில் குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் ஈரத்தில் நன்றாக நிற்கும் என்று பெயரெடுத்ததைத்தான் கேட்டேன். இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும் டயரை விட்டுவிட்டேன். சம்மர் டயர்தான் நமக்கு. 7 டிகிரிக்குக் கீழேதான் அந்த ரப்பர் விறைக்கத் தொடங்கும். ஊட்டியின் மார்கழி விடியற்காலைக்காக வருடம் முழுக்க வேறு டயரில் ஓட வேண்டியதில்லை.

என்ன கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மேலே சொன்ன எதையும் படிக்காமல் அதை மட்டும் வாங்கிவிடுவீர்கள்.

தம்பி முதலில் எடுத்து வந்த பின் டயரை அப்பா புரட்டி, பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையைத் தேடினார். அதன் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2323 என்றால் 2023-இன் 23-ஆவது வாரம். கையில் இருந்த டயர் தயாராகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு கொண்டு வந்ததிலிருந்து, இந்த மாதிரி அளவுகள் கேட்டவுடன் கிடைப்பதில்லை என்றார் தம்பி. 12 நாள் காத்திருந்து புதிதாக வந்ததை வாங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், நான்கிலும் நட்சத்திரம்.

பூட்டிய கையோடு நான்கு சக்கர அலைன்மென்ட். பின் சக்கரத்தின் சாய்வையும் இந்த வண்டியில் திருத்த முடியும். முன் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். என் தாளில் பின் சக்கரம் இரண்டும் சிவப்பில் இருந்து பச்சைக்கு வந்திருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள காற்றளவை, டயர் சூடாகும் முன் அடியுங்கள். முதல் 300 கி.மீ. நிதானமாகப் போங்கள், புது ரப்பரின் மேல்தோல் போன பிறகுதான் பிடிப்பு முழுதாக வரும்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று தம்பியிடம் கேட்டேன். “அடிங்க்கா. நாம அடிக்கற காத்துல முக்கால்வாசிக்கு மேல அதுதான் இருக்குது,” என்று சிரித்தார். சாதாக் காற்றே அடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் சங்ககிரியில், நான் இறங்கிப் பையை எடுப்பதற்குள் அப்பா பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கை உள்ளே போனது. கொஞ்ச நேரம் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பல்லுக் கம்பி எங்க?”

டாஷ்போர்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். உள் பள்ளத்தில் விட்டு, கோட்டை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வெளிப் பள்ளத்தில் விட்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது,” என்று சொல்லிக் கம்பியைத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.