இன்று தெரியும் பரு இன்று முளைத்ததல்ல!

உள்ளங்கையில் முகப்பரு போல ஒன்று யாருக்காவது வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் அவை நிறைய உண்டு. பருவும் அங்கேதான் வருகிறது.

இந்தச் சுரப்பிகள் மயிர்க்கால்களை ஒட்டி இருக்கின்றன. அவை சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப் பொருள் தோல் வறண்டுபோகாமல் காக்கிறது. பதின்ம வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் பையன்களுக்கும் பெண்களுக்கும் கூடுகின்றன. அதனால் சுரப்பிகள் பெருத்து, சீபத்தை அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்குழிக்குள் உதிரும் செல்கள் வெளியே போகாமல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. தோலில் எப்போதும் வாழும் 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்' என்ற பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிக்கிறது.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். அது அழுக்கு என்று நினைத்துப் பலர் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்து தரும் நிறம். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்ணாகும். மென்மையான சோப்பால் ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவினால் போதும்.

முக்கியமான செய்தி இதுதான்: கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு அடைப்பு, பருவாக வெளியே வரப் பல வாரங்கள் ஆகும். இன்று பரு இல்லாத இடத்திலும் அடுத்த மாதப் பரு உருவாகிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் மருத்துவர், பருவின் தலையில் மட்டும் மருந்தைப் பொட்டு வைக்காமல், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவச் சொல்கிறார். அடாபலின் களிம்பு அடைப்பு உண்டாவதைத் தடுக்கும். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும். தலையணை உறையில் பட்டால் சாயத்தையும் வெளுத்துவிடும்! முதல் சில வாரங்களில் தோல் வறண்டு எரியலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். பத்தே நாளில் "இது வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள், பலன் வருவதற்கு முன்பே கைவிடுகிறார்கள்.

கடையில் கேட்டு வாங்கும் சில 'சிவப்பழகு' கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். தடவிய சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பருவும் அதிகமாகும். மருத்துவர் எழுதித் தராத கிரீமை முகத்தில் போடாதீர்கள்.

பருவைக் கிள்ளினால் உள்ளிருக்கும் அழற்சி ஆழமாகப் பரவி, தழும்பாக நின்றுவிடலாம். பெரிய கட்டிகளாக வந்தாலோ, வலித்தாலோ, தழும்பு விழுந்தாலோ அப்பா அம்மாவிடம் சொல்லித் தோல் மருத்துவரைப் பாருங்கள். "வயசானா தானா போயிடும்" என்று காத்திருந்தால், பரு போனாலும் தழும்பு போகாது. பரு வந்தது உங்கள் தவறல்ல. வகுப்பில் யாராவது அதைச் சொல்லி ஒரு நண்பரைக் கேலி செய்தால், இங்கே படித்த அறிவியலை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.